ஊசி கீழே இறங்கிய பக்கம்

பிப்ரவரி 4

அன்புள்ள மச்சானுக்கு,

இந்தக் கடிதத்தை நானே எழுதுகிறேன். பக்கத்தில் உட்கார்ந்து யாரும் சொல்லித் தரவில்லை. உங்கள் தங்கை மட்டும் எதிரே உட்கார்ந்துகொண்டு, "கோட்டையா கட்டறீங்க, இவ்வளவு நேரமா?" என்று கேட்கிறாள். எழுபது வயதுக்கு மேல் கட்டுகிற கோட்டை, கொஞ்சம் நேரம் பிடிக்கத்தான் செய்யும்.

உங்களுக்குக் காது மந்தமானதிலிருந்து போனில் நான் கத்துகிறேன், நீங்கள் "ஆங், ஆங்" என்கிறீர்கள். நான் கத்துவது உங்களைத் தவிர எங்கள் தெரு முழுவதற்கும் கேட்கிறது. இனிமேல் அந்தத் தொல்லை இல்லை. நூலகத்து மாடியில் மாலை வகுப்பு நடக்கிறது. போன மழைக்காலத்தில் சேர்ந்தேன். வகுப்பிலேயே மூத்த மாணவன் நான்தான். டீச்சர் என்னை "ஐயா" என்றுதான் கூப்பிடுவார். ஆனால் தப்பாக எழுதினால் ஐயாவாவது மண்ணாவது, திரும்ப எழுத வைத்துவிடுவார்.

இப்போதெல்லாம் தெருவில் என்னால் வேகமாக நடக்க முடிவதில்லை. கடைப் பலகை, பஸ் பலகை, சுவரில் ஒட்டியது, கிழிந்து தொங்குவது என்று ஒன்று விடாமல் படிக்கிறேன். இத்தனை வருஷமாக எல்லாச் சுவரும் என்னோடு பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. எனக்குத்தான் காது கேட்கவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். முழுப் புத்தகம் ஒன்றைப் படித்து முடிக்கச் சொன்னார் டீச்சர். எல்லோரும் இருப்பதிலேயே மெல்லிய புத்தகமாகத் தேடினார்கள். நான் 'நீர்க்கோபுரம்' இருக்கிறதா என்று கேட்டேன். "ஐயா, அது பதினஞ்சு வயசுப் பசங்க படிக்கிறதாச்சே. உலகமே காஞ்சு போயி, பசங்க உயிர் பொழைக்கிற கதை" என்றார். "தெரியும்மா. நான் ஏற்கெனவே படிச்சவன்தான். காதால" என்றேன்.

நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஆனாலும் எழுத ஆசையாக இருக்கிறது, அதனால் எழுதுகிறேன். அந்தப் பெரிய ஹோட்டலின் அடித்தளத்தில் நம் சலவைக்கூடம். எந்த அறையிலிருந்தோ தலையணை உறைக்குள் சுருண்டு வந்து சேர்ந்தது அந்தப் புத்தகம். கேட்டு யாரும் வரவில்லை. நம்மில் படிக்கத் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான். மதியம் பாய்லரில் நீராவி இறக்கும் அரை மணி நேரம் மட்டும் மிஷின் சத்தம் இருக்காது. அப்போது நீங்கள் மடிப்பு மேசை ஓரம் நின்று படிப்பீர்கள். உங்கள் பங்குத் துண்டுகளை நாங்கள் மடித்துவிடுவோம். அதுதான் ஒப்பந்தம்.

காலியான நீர்க்கோபுரத்தின் உச்சியில் ஒன்பது பிள்ளைகளை அடைத்து வைப்பார்கள். அவர்களுடைய பெயரைப் பிடுங்கிக்கொண்டு, கையில் கொடுத்த சாமானையே பெயராக வைப்பார்கள். கயிறு, விளக்கு, சுத்தியல், ஊசி. ஊசிக்குக் கால் சரியில்லை, எதிலும் மெதுவு. ஒருநாள் ஒலிபெருக்கி சொல்லும்: உங்களில் ஒருவரை நீங்களே தேர்ந்தெடுத்துக் கீழே அனுப்புங்கள், இல்லாவிட்டால் யாருக்கும் தண்ணீர் கிடையாது. பிள்ளைகள் ஒன்பது பேரும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிடுவார்கள். யாரையும் அனுப்ப மாட்டோம் என்பார்கள்.

நீங்கள் அதைப் படித்த சில நாளிலேயே நம் மேனேஜர் வந்து, மடிக்கிற மிஷின் வருகிறது, உங்களில் யார் வேண்டாம் என்று நீங்களே பேசி ஒரு பெயரைச் சொல்லுங்கள் என்றாரே. இஸ்திரி மிஷின் உருளையில் கை வெந்ததற்கு அப்புறம் நான்தான் எல்லோரிலும் மெதுவு. என் பெயரைத்தான் சொல்வார்கள் என்று நான் சட்டையைக்கூட மாற்றிக்கொண்டுவிட்டேன். அப்போது நம்மில் மூத்தவரான பெரியக்கா, "சின்னப் பசங்களுக்கு இருந்த தைரியம் நமக்கு இல்லையா?" என்று சொல்லிக்கொண்டே ஈரத் தரையில் உட்கார்ந்தார். அவர் பின்னால் எல்லோரும். அதனால்தான் நான் வயதாகி ஓய்வு பெறும்வரை அங்கேயே வேலை பார்த்தேன்.

மார்ச் பதினாறாம் தேதி நூலகத்தில் விழா. ஒவ்வொருவரும் தான் படித்ததில் ஒரு பக்கத்தை மேடையில் வாசிக்க வேண்டும். அந்த உட்காரும் பக்கத்தைத்தான் வாசிப்பேன் என்று சொல்லிவிட்டேன். பெரியக்கா, பாய்லர் பார்த்ததால் நாம் 'நீராவி' என்று கூப்பிட்டவன், பொத்தான் தைத்ததால் 'பொத்தான்' ஆனவள் மூவரையும் வரச் சொல்லியிருக்கிறேன்.

ஆனால் மச்சான், அந்தப் பக்கத்தைக் காணோம். நான் படித்த வரையில் பிள்ளைகள் கையைத் தூக்கி ஓட்டுப் போட்டு ஊசியைக் கீழே அனுப்பிவிடுகிறார்கள். நான் எங்கேயோ தப்பாகப் படிக்கிறேன். எத்தனையாவது அத்தியாயம் என்று எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் மாப்பிள்ளை


பிப்ரவரி 11

மாப்பிள்ளைக்கு,

கடிதம் வந்தது. கையெழுத்து என்னுடையதைவிட நன்றாக இருக்கிறது. உடனே அதைத் தலைக்கு ஏற்றிக்கொள்ளாதே.

என் மகள் வாங்கித் தந்த காதுக் கருவி மேசை இழுப்பறையில் கிடந்து விசில் அடிப்பதாகப் பேரன் சொல்கிறான். எனக்குக் கேட்கவில்லை, ஆகவே தொந்தரவும் இல்லை. நான்காவது மாடி. ஜன்னலைத் திறந்தால் கிரேன்களும் கப்பல்களும் தெரிகின்றன. எல்லாம் சத்தமே இல்லாமல் நகர்கின்றன. பழகிவிட்டது.

நீ கேட்ட பக்கம். எத்தனையோ வருஷத்துக்கு முன்னால் படித்தது. பக்க எண்ணையெல்லாம் மனப்பாடமாகவா வைத்திருப்பேன்? பதிப்புக்குப் பதிப்பு மாற்றுவார்கள். இல்லாவிட்டால் இரண்டு தாள் ஒட்டிக்கொண்டிருக்கும். புதிதாகப் படிக்கிறவர்களுக்கு வரி தாண்டிப்போவதும் சகஜம்தான். அதற்காக மனதைப் போட்டு உழப்பிக்கொள்ளாதே.

பேசாமல் வேறு புத்தகத்திலிருந்து ஒரு பக்கம் வாசி. பறவைகளைப் பற்றி, நட்சத்திரங்களைப் பற்றி நல்ல நல்ல புத்தகங்கள் இருக்கின்றன. உலகம் காய்ந்துபோகிற கதையை மேடையில் எதற்கு வாசிக்க வேண்டும், கேட்கிறவர்களுக்குத் தாகம் எடுக்கவா?

தங்கச்சிக்கு என் விசாரிப்பு. மாத்திரையை நேரத்துக்குப் போடச் சொல்.

மச்சான்


பிப்ரவரி 19

அன்புள்ள மச்சானுக்கு,

நீங்கள் சொன்னபடியே செய்தேன். முதலில் ஒவ்வொரு தாளாக விரலால் தேய்த்துப் பார்த்தேன். எதுவும் ஒட்டியிருக்கவில்லை. அப்புறம் வரி தாண்டக்கூடாது என்று அடியில் ஸ்கேலை வைத்துப் படித்தேன். திரும்பவும் அவர்கள் கையைத் தூக்கினார்கள். ஊசி படியிறங்கிப் போனாள். பதிப்பு மாறியிருக்கும் என்றீர்களே, நூலகரிடம் கேட்டு இன்னொரு கிளையிலிருந்து பழைய பிரதி ஒன்றை வரவழைத்தேன். அட்டைப் படம் வேறு, உள்ளே அதே எழுத்து. அதிலும் ஊசி போய்விட்டாள்.

போனதோடு விடவில்லை. அதற்குப் பிறகு அவளைப் பற்றியே பக்கம் பக்கமாக வருகிறது. காய்ந்த ஊருக்குள் தனியாக நடக்கிறாள். பாய்மரத் துணியைத் தைத்துப் பனியைப் பிடித்துக் குடிக்கிறாள். நீங்கள் படித்தபோது அதையெல்லாம் செய்தது கயிறுதானே? ஊசி கோபுரத்தில்தானே உட்கார்ந்திருந்தாள்?

அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. பாதிக் கதை மாறித் தெரிகிறது என்றால் ஒரு பக்கம் இரண்டு பக்கம் தாண்டியதால் இல்லை. எழுத்து ஒன்று சொல்கிறது, என் தலை இன்னொன்றைச் சொல்லிக்கொள்கிறது. படிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு நானாக எதையோ கட்டிக்கொண்டிருக்கிறேன். டீச்சரிடம் கேட்கலாம்தான். ஆனால் இந்தப் புத்தகம் எனக்குத் தண்ணிபட்ட பாடு என்று அவரிடம் அவ்வளவு பெருமை அடித்திருக்கிறேன். எந்த முகத்தோடு கேட்பது?

இதைவிடப் பெரிய பயம் ஒன்று இருக்கிறது. உங்கள் தங்கையின் மருந்துப் பெட்டிகளை இப்போது நான்தான் படித்து எடுத்துக் கொடுக்கிறேன். எது காலையில், எது சாப்பிட்ட பிறகு என்று. நேற்று அத்தனை பெட்டிகளையும் பையில் போட்டுக்கொண்டு மருந்துக்கடைக்குப் போய், "ஒரு தடவை படிச்சுச் சொல்லுங்க" என்றேன். கடைக்காரர், "ஏன், கண்ணாடி உடைஞ்சிடுச்சா?" என்றார். ஆமாம் என்றேன். இனிமேல் பழையபடி நிறத்தைப் பார்த்தே எடுத்துக் கொடுக்கலாம் என்றிருக்கிறேன்.

என் இடத்தைப் பக்கத்து பெஞ்சுத் தையல்காரருக்குக் கொடுத்துவிடச் சொல்லி அடுத்த வாரக் கடைசியில் டீச்சரிடம் சொல்லப்போகிறேன். வகுப்புக்கும் இனிப் போக மாட்டேன். எழுதினவரை லாபம்.

இந்தக் கடிதத்திலும் நான் எழுத நினைத்ததுதான் இருக்கிறதா என்று தெரியவில்லை. நீங்கள் படித்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாப்பிள்ளை


பிப்ரவரி 24

மாப்பிள்ளை,

இதைக் கூரியரில் அனுப்புகிறேன். டீச்சரிடம் போய் எதையும் சொல்லித் தொலைக்காதே.

நீ சரியாகத்தான் படித்தாய். முதல் தடவையே சரியாகத்தான் படித்தாய். அந்தப் பக்கம் புத்தகத்தில் கிடையாது. எந்தப் பதிப்பிலும் கிடையாது. நான் சொன்னது அது.

மேனேஜர் உங்களிடம் வருவதற்கு ஒரு வாரம் முன்னாலேயே என்னைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். அறிவிப்பு ஒட்டினால் படித்துச் சொல்ல நான் வேண்டுமே, அதற்காக. "அவங்களே ஒரு பேரைச் சொல்லட்டும். அப்புறம் யாரும் என்னைத் திட்ட முடியாது பாருங்க" என்று சிரித்தார். யார் பெயரைச் சொல்வார்கள் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

நான் எழுந்து நின்று, யார் பெயரையும் சொல்லாதீர்கள் என்று பேசியிருக்கலாம். பேசியிருந்தால் நீராவி என்ன சொல்லியிருப்பான்? "தங்கச்சி புருஷனைக் காப்பாத்தப் பாக்கறாரு" என்பான். அதோடு முடிந்திருக்கும். நான் உன் மச்சானாக இருந்ததே உனக்கு எதிரியாகப் போயிற்று. ஆனால் நம் ஆட்களுக்குப் புத்தகத்தில் இருந்தால் அது சத்தியம். என் வாயால் சொன்னால் ஆயிரம் கேள்வி கேட்பார்கள், அச்சில் இருக்கிறது என்றால் ஒரு கேள்வி கிடையாது.

அந்த வாரம்தான் ஊசியை அனுப்பும் அத்தியாயம் வந்தது. அன்று மதியம் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, கண்ணை வரி மேல் ஓட்டிக்கொண்டே, அதில் இல்லாததைப் படித்தேன். சரியான இடத்தில் தாளைத் திருப்பக்கூட மறக்கவில்லை. அவர்களை உட்கார வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஊசி கோபுரத்திலேயே இருந்துவிட்டதால், அவள் செய்தது எல்லாவற்றையும் கயிற்றின் தலையில் கட்டவேண்டி வந்தது. பொத்தான் ஒருநாள் கையில் சட்டையோடு கேட்டாள், "கயிறு எப்ப தைக்கக் கத்துக்கிட்டா?" என்று. "நேத்துதான் வந்துச்சு. நீ தூங்கிட்ட" என்றேன். பாவம், நம்பிவிட்டாள்.

அந்தப் பிரதி இன்னும் என்னிடம் இருக்கிறது. உன் முதல் கடிதம் வந்த அன்றே எடுத்துத் திரும்பப் படித்தேன். அன்றைக்கு ஊசியை அனுப்பிவிட்டாரே என்று அந்த ஆசிரியர் மேல் எனக்கு அப்படி ஒரு ஆத்திரம். இப்போது படித்தால், அவர் மனசு முழுக்க ஊசியிடம்தான் இருந்திருக்கிறது. மேலே இருக்கிற எட்டுப் பேரையும் அவர் அப்புறம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நல்ல எழுத்துக்காரர். ஆனாலும் அன்று நான் செய்ததை இன்றும் செய்வேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். இது உன்னோடு இருக்கட்டும். நாம் உட்கார்ந்த கோபத்தில் மேனேஜர் என்னென்ன செய்தார் என்று நினைத்துப் பார். கோடை முழுக்க மின்விசிறியைக் கழற்றிவிட்டார். வார விடுமுறையை நிறுத்தினார். பெரியக்காவுக்குத் தருவதாக இருந்த சூப்பர்வைசர் வேலையை வெளியிலிருந்து ஒருவரைக் கொண்டுவந்து கொடுத்தார். அந்த வேலைக்காக அவர் எத்தனை வருஷம் காத்திருந்தார்! தன் தங்கை புருஷனுக்காக ஒருவன் கட்டிவிட்ட கதையை நம்பி அதை இழந்தோம் என்று இந்த வயதில் அவருக்குத் தெரிய வேண்டாம்.

மருந்துப் பெட்டியை நீயே படித்துக் கொடு. வேறு ஏதாவது பக்கத்தை மேடையில் வாசி.

மச்சான்


மார்ச் 3

என் அருமை மச்சானுக்கு,

எனக்குப் படிக்கத் தெரியும்!

உங்கள் கடிதத்தில் அந்த இரண்டாவது பத்தியைத் தாண்டி நான் போகவே ரொம்ப நேரம் ஆயிற்று. எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன், திரும்பவும் அதையே படித்தேன். உங்கள் தங்கை பயந்துவிட்டாள். "யாருக்கு என்ன ஆச்சு?" என்றாள். "எனக்குப் படிக்கத் தெரியுமாம்" என்றேன். "இதுக்கா கூரியர்?" என்றாள்.

பிறகு முழுவதையும் அவளுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். மன்னித்துக்கொள்ளுங்கள், என்னோடு இருக்கட்டும் என்றுதான் எழுதியிருந்தீர்கள், ஆனால் என்னோடு என்றால் அவளும் சேர்த்திதான். அவள் புடவைத் தலைப்பை இழுத்து இழுத்துச் சரிசெய்தாள். அப்புறம் சொன்னாள்: "எங்கண்ணன் உங்களைப் பத்தி ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லன்னு இத்தனை வருஷமா மனசுல குறை. சொல்லியிருக்காரு பாருங்க. ஒன்பது பசங்க வாயால சொல்லியிருக்காரு."

நான் நன்றி என்றெல்லாம் எழுதப்போவதில்லை. எழுதினால் நீங்கள் திட்டுவீர்கள். ஒன்று மட்டும் சொல்கிறேன். அன்று சட்டையை மாற்றிக்கொண்டு நின்றபோது, நீங்கள் வாயைத் திறக்காமல் தலையணை உறைகளையே எண்ணிக்கொண்டிருந்தீர்கள். அந்த மௌனத்தை இத்தனை நாள் நான் வேறு மாதிரி புரிந்துவைத்திருந்தேன்.

இப்போது ஊசியின் கதையை நிம்மதியாகப் படிக்கிறேன். என்ன பெண் மச்சான் அவள்! எல்லோரும் சேர்ந்து வெளியே தள்ளினார்கள், அவள் என்னடாவென்றால் ஊரே குடிக்கும் அளவுக்குப் பனியைப் பிடிக்கிறாள். கடைசி அத்தியாயத்தைச் சேர்ந்தாற்போல் படிக்க மனமில்லாமல் நாளைக்குக் கொஞ்சம் என்று வைத்திருக்கிறேன்.

ஆனால் வேறு பக்கம் வாசிக்கச் சொன்னது மட்டும் முடியாது. நிகழ்ச்சி நிரலை அச்சடித்துவிட்டார்கள். என் பெயருக்குப் பக்கத்தில் புத்தகத்தின் பெயரும் அத்தியாயமும் போட்டிருக்கிறது. அச்சில் என் பெயர் வருவது இதுதான் முதல் தடவை. உங்கள் ரகசியத்தை நான் சொல்ல மாட்டேன். உள்ளதை உள்ளபடி வாசித்துவிட்டு இறங்கிவிடுவேன். எத்தனையோ வருஷம் ஆயிற்று, அவர்களுக்கு என்ன நினைவிருக்கப்போகிறது? கைதட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள்.

உங்கள் மாப்பிள்ளை


மார்ச் 8

மாப்பிள்ளை,

நினைவிருக்காதா? பெரியக்காவைப் பற்றியா பேசுகிறாய்? யார் எந்த வருஷம் எந்த விரிப்பில் கறை விட்டார்கள் என்று இன்றைக்கும் சொல்லுவார்.

தொண்டை கட்டிக்கொண்டது என்று சொல்லிவிட்டு வீட்டிலேயே இரு. இரண்டு நாளாக எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. என் மகள் டாக்டரிடம் போகலாம் என்கிறாள். என்ன வியாதி என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

மச்சான்


மார்ச் 17

அன்புள்ள மச்சானுக்கு,

உங்கள் கடிதம் விழாவுக்கு முதல் நாளே வந்துவிட்டது. படித்தேன். ஆனாலும் போனேன். நடந்ததை வரிசையாக எழுதுகிறேன், குறுக்கே திட்டாமல் படியுங்கள்.

நூலகத்துக் கூடம் நிறைந்திருந்தது. முன் வரிசையில் நம் ஆட்கள். நீராவிக்கு இப்போது ஊன்றுகோல். பொத்தான் இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். பெரியக்காவைப் பேத்தி கையைப் பிடித்து அழைத்து வந்தாள், ஆனால் நாற்காலியை அவரே இழுத்துப் போட்டுக்கொண்டார். உங்கள் தங்கை ஓரத்தில் பையை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

தையல்காரர் வாசித்து முடித்ததும் என்னைக் கூப்பிட்டார்கள். மைக் முன்னால் போய்ப் புத்தகத்தை விரித்தேன். நிதானமாகப் படித்தேன். ஒலிபெருக்கி பேசியது. பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். 'முதலில் சுத்தியலின் கை உயர்ந்தது. பிறகு விளக்கின் கை. ஊசி யாரையும் பார்க்காமல் தன் செருப்பு வாரை இறுக்கிக் கட்டினாள்' என்று படித்தேன்.

"நிறுத்துப்பா" என்றது ஒரு குரல். நீராவிதான். "என்ன படிக்கிற நீ?"

"உக்காந்தாங்கன்னுல்ல வரும்? கை எங்கேருந்து வந்துச்சு?" என்றாள் பொத்தான்.

பெரியக்கா என்னைப் பாவமாகப் பார்த்தார். "தம்பி, பயப்படாத. நிதானமாப் பாத்துப் படி. பதட்டத்துல எதையோ படிக்கிற."

பின் வரிசையில் சிரிப்பு. ஒருவர், "புதுசா படிக்கிறவரு, விடுங்க" என்றார். அந்த வார்த்தை எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். நான் சரியாகத்தான் படிக்கிறேன் என்று கத்தலாம் போலிருந்தது. உங்களை நினைத்துக்கொண்டேன். மைக்கில் சொன்னேன்: "மன்னிச்சுக்கங்க. வயசாயிடுச்சு. ஒரு பக்கம் தாண்டிட்டேன் போல."

அதோடு முடிந்திருக்கும் மச்சான். ஆனால் எங்கள் டீச்சர் எழுந்து நின்றுவிட்டார். அவர் முகம் சிவந்திருந்தது. "யாரும் சிரிக்காதீங்க. ஐயா ஒரு எழுத்துகூடத் தாண்டல. இன்னொரு பிரதியை விரிச்சு வச்சுக்கிட்டு நான் வரிக்கு வரி பாத்துக்கிட்டே இருந்தேன். அச்சுல இருக்கிறதைத்தான் படிச்சாரு. என் வகுப்புல இவ்வளவு சுத்தமா யாரும் படிச்சதில்ல."

எனக்கு அழுகையும் வந்தது, உங்கள் ரகசியம் போச்சே என்ற பயமும் வந்தது. இரண்டும் ஒரே நேரத்தில்.

பெரியக்கா டீச்சரிடம் கேட்டார், "அப்ப அந்தப் பசங்க உக்கார்ற இடம் பின்னாடி வருதா?"

"எங்கயுமே வரலீங்களே அம்மா. ஊசியை அனுப்பிடுவாங்க."

பெரியக்கா என் பக்கம் திரும்பினார். "உனக்குத் தெரியுமா?" என்றார். அவர் அப்படிக் கேட்டால் யாரால் பொய் சொல்ல முடியும்? "போன மாசம்தான் தெரியும்க்கா" என்றேன்.

நீராவி கோலைத் தரையில் தட்டினான். "பாத்தியா! தங்கச்சி புருஷனுக்காகக் கட்டிவிட்டிருக்காரு அந்த மனுஷன்!" நீங்கள் எழுதியது போலவே சொன்னான். "நான் தூங்கவே இல்ல!" என்றாள் பொத்தான். "அன்னைக்கு நான் தூங்கவே இல்லன்னு எனக்கு அப்பவே தெரியும்!" உங்கள் தங்கை எழுந்து நின்றுவிட்டாள். அண்ணனைப் பற்றி இன்னொரு வார்த்தை வந்தால் பையாலேயே அடித்திருப்பாள்.

கூடம் முழுக்கப் பெரியக்காவையே பார்த்துக்கொண்டிருந்தது.

"அந்தப் பசங்க ஊசிய அனுப்பிட்டாங்க" என்றார்.

"ஆமாக்கா."

"நாம அனுப்பல."

"இல்லக்கா."

"நம்மள மாதிரி யாரோ முன்னாடி செஞ்சிருக்காங்கன்னு நெனச்சுத்தான் உக்காந்தோம். அப்படி யாருமே இல்ல?"

"இல்லக்கா. புத்தகத்துலகூட இல்ல."

அவர் நீராவியைத் திரும்பிப் பார்த்தார். நீராவி கோலைச் சாய்த்துவிட்டு மெல்ல நிமிர்ந்து உட்கார்ந்தான். பொத்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரிக்க ஆரம்பித்தாள். பெரியக்காவின் முகத்தில் வந்ததை எப்படி எழுதுவது என்று எனக்கு இன்னும் டீச்சர் சொல்லித் தரவில்லை. புதிதாக வெளுத்த விரிப்பை வெயிலில் உதறினால் ஒரு வெளிச்சம் அடிக்குமே, அது.

"எங்க இருக்காரு அந்த மனுஷன்? போன் போடு" என்றார்.

"அவருக்குக் காது கேக்காதுக்கா."

"அப்ப எழுது. நீதான் எழுதுவியே."

மேடை ஓரத்திலேயே உட்கார்ந்து நிகழ்ச்சி நிரலின் பின்பக்கத்தில் எழுதினேன். கூடமே காத்துக்கொண்டிருந்தது. நான் மெதுவாக எழுதுகிறேன் என்று ஒருவரும் அவசரப்படுத்தவில்லை. இன்னொருவர் சொல்லச் சொல்ல நான் எழுதியது வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை. அதையே கீழே எடுத்தெழுதியிருக்கிறேன், முழுக்க அவர் சொன்னது. உங்களைப் போல நான் எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

"ஏம்ப்பா, நல்லா இருக்கியா? சூப்பர்வைசர் வேலை போனது எனக்கு ரொம்ப நாள் வருத்தம்தான். இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஏதோ புத்தகத்துல சின்னப் பசங்க செஞ்சாங்க, அதைப் பாத்து நானும் செஞ்சேன், அதுக்குப் போயி இவ்வளவு பெரிய தண்டனையான்னு நெனப்பேன். இன்னைக்குத்தான் தெரியுது. அந்தப் பசங்களுக்குத் தைரியம் வரல. எங்களுக்கு வந்துச்சு. சும்மா சாப்பிடாம கிடக்கறியாமே, உன் தங்கச்சி சொன்னா. எந்திரிச்சுப் போயிச் சாப்பிடு. உன் பேரப்பிள்ளைங்ககிட்டயும் சொல்லு. மொதல்ல உக்காந்தது நான்தான்னு சொல்லு."